போகோ ஹராம் வளர்ந்த கதை: முகமது யூசுஃபை உயிரோடு பிடித்த பிறகு ஏன் சுட்டார்கள்?

#1 பழையபேப்பர்

2009 ஜூலை 30. நைஜீரியாவின் வடகிழக்கு மூலையில் மைதுகுரி நகரம். சட்டை இல்லாமல், கையில் கட்டுடன் ஒரு மனிதரை நிறுத்தி வைத்துக் கேள்வி கேட்கிறார்கள். அதை யாரோ செல்போனில் படம் பிடித்திருக்கிறார். போகோ ஹராம், மேற்கத்தியப் படிப்பு விலக்கப்பட்டது என்கிறாயே, உன் வீட்டில் இருந்த கம்ப்யூட்டர், மருத்துவக் கருவி எல்லாம் எதில் வந்தது என்று கேட்கிறார்கள். அதெல்லாம் வெறும் தொழில்நுட்பம், போகோ வேறு என்கிறார். நீ போட்டிருக்கும் கால்சட்டை? இது பருத்தி, பருத்தி அல்லாஹ்வுடையது என்கிறார். குரலில் பதற்றமே இல்லை. அடுத்த சில மணி நேரத்தில் அவர் பிணம்.

அவர்தான் போகோ ஹராம் இயக்கத்தைத் தொடங்கிய முகமது யூசுஃப், 39 வயது. தப்பியோடும்போது சுட்டோம் என்றது போலீஸ். அவரைப் பிடித்த ராணுவக் கர்னலோ நான் உயிரோடுதான் போலீஸிடம் ஒப்படைத்தேன் என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். குண்டு பாய்ந்த உடலின் படம் ஊரெல்லாம் சுற்றியது.

என் கட்சி இதுதான். அந்தச் சாயங்காலம் அவரைக் கொல்லாமல் கூண்டில் ஏற்றியிருந்தால், போகோ ஹராம் என்ற பெயரை நாம் யாரும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். மைதுகுரிக்குள்ளேயே முடிந்திருக்கக்கூடிய கதை அது. மறுக்கிறவர்கள் வரலாம். ஆனால் "எல்லாம் மதம்தான்", "எல்லாம் அமெரிக்கச் சதிதான்" என்று ஒற்றை வரியில் முடிப்பவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போய்விடுங்கள்.

#2 மின்னல்வேகம்

போகோ ஹராம் என்றால் மேற்கத்தியக் கல்வி ஹராம் என்று அர்த்தம். பெயரிலேயே எல்லாம் இருக்கிறதே, இதில் விவாதிக்க என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்தை வெறுக்கும் கூட்டம் பள்ளிக்கூடத்தைக் கொளுத்தியது. முடிந்தது.

#3 அதிராம்பட்டினத்தான்

மின்னல் தம்பி, அது அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயரே இல்லை. அவர்களுடைய பெயர் ஜமாஅத்து அஹ்லிஸ் சுன்னா லித்தஅவத்தி வல் ஜிஹாத். ஊர்க்காரர்கள் இவர்களுடைய பயானில், அதாவது மார்க்கச் சொற்பொழிவில், திரும்பத் திரும்ப வந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பட்டப்பெயர் வைத்தார்கள். அதுவே நின்றுவிட்டது.

'போகோ' என்ற சொல்லும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது. ஆங்கில 'புக்' மருவியது என்று பலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ஹௌஸா மொழியில் போகோ என்றால் போலி, ஏமாற்று, பாவனை என்ற பழைய பொருள் உண்டு. வெள்ளைக்காரன் வந்து ரோமன் எழுத்தில் ஹௌஸா எழுதக் கற்றுக்கொடுத்தபோது அந்த எழுத்துக்கும் படிப்புக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அதற்கு முன்பு அவர்கள் ஹௌஸாவை அரபு எழுத்தில்தான் எழுதினார்கள். 'அஜமி' என்பார்கள். எங்கள் பாட்டிமார் அரபுத்தமிழில் எழுதிய மாதிரிதான். அரபு எழுத்தில் தமிழ் படித்த என் பாட்டியைச் சர்க்கார் கணக்கு 'எழுதப்படிக்கத் தெரியாதவர்' என்றுதான் எழுதிக்கொண்டது. நைஜீரியாவின் வடக்கிலும் அதேதான் நடந்தது. நூற்றாண்டுக் கணக்காக எழுதிப் படித்த ஒரு சமூகம் ஒரே தலைமுறையில் தற்குறி ஆகிவிட்டது. இதில் யூசுஃபுக்கு நியாயம் ஒன்றும் சேராது. ஆனால் அந்தச் சொல்லுக்கு அங்கே எவ்வளவு பழைய கசப்பு இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

#4 பழையபேப்பர்

பாய் சொன்னதோடு ஒன்று. 1903இல் பிரிட்டிஷ் படை வடக்கை ஆண்ட சொகோட்டோ சுல்தானகத்தைப் பிடித்தது. அமீர்களை, அதாவது உள்ளூர் ஆட்சியாளர்களை, அப்படியே உட்காரவைத்து அவர்கள் வழியாக ஆண்டார்கள். மதத்தில் தலையிட மாட்டோம் என்று வாக்குக் கொடுத்து, மிஷன் பள்ளிகளைப் பெரும்பாலும் வடக்கில் நுழைய விடவில்லை. அதனால் தெற்கில் தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடம் வந்தபோது வடக்கு பின்தங்கியது. வடக்கில் படித்து மேலே வந்த சிறு கூட்டத்துக்கு 'யன் போகோ' என்று பெயர், அதாவது போகோக்காரர்கள். சுதந்திரத்துக்குப் பிறகு ஆபீஸ், கான்ட்ராக்ட், எண்ணெய்ப் பணம் எல்லாம் அவர்கள் கையில். ஆக 2000களில் மைதுகுரியில் ஒருவன் 'போகோ ஒழிக' என்று கத்தினால் அது பாடப்புத்தகத்தை மட்டும் திட்டுவதாக யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். காரில் போகும் அதிகாரியைத் திட்டுவதாகவும் கேட்டிருப்பார்கள்.

#5 கானோ ரிட்டர்ன்

நான் 2008 முதல் 2012 வரை கானோவில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தேன். மைதுகுரிக்குப் போனதில்லை. கானோவிலிருந்து கிழக்கே ஒரு நாள் பயணம். எங்களிடம் மெஷின் ஓட்டிய பையன்களில் சிலர் அந்தப் பக்கத்துக்காரர்கள்.

எனக்கு முதலில் ஞாபகம் வருவது அல்மாஜிரிப் பிள்ளைகள். ஆறேழு வயதில் கிராமத்திலிருந்து ஒரு மல்லத்திடம் குர்ஆன் ஓத அனுப்பிவிடுவார்கள். மல்லம் என்றால் அங்கே உஸ்தாத், மார்க்க ஆசிரியர். சோறு போட அவரிடம் வசதி கிடையாது. காலையில் கையில் பிளாஸ்டிக் கிண்ணத்தோடு கேட் கேட்டாக நிற்பான்கள். அந்தக் கிண்ணங்களில் சில எங்கள் கம்பெனியிலேயே வார்த்தவை. அதைப் பார்க்கும்போது ஒரு மாதிரி இருக்கும். அவர்கள் எல்லாரும் தீவிரவாதி ஆனார்கள் என்று சொல்ல வரவில்லை, அது அபாண்டம். யாரும் பொறுப்பேற்காத பிள்ளைகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள் என்கிறேன், அவ்வளவுதான்.

அப்புறம் ஹெல்மெட். இதை யாரும் சொல்லவில்லையே?

#6 மின்னல்வேகம்

ஹெல்மெட்டா? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் அண்ணே?

#7 கானோ ரிட்டர்ன்

நிறைய இருக்கிறது. 2009 ஜனவரி 1 முதல் நைஜீரியா முழுக்க பைக்கில் போகிறவர்களுக்கும் பின்னால் உட்காருகிறவர்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள். அங்கே டவுன் பஸ்ஸை நம்பிப் பிழைக்க முடியாது, வாடகை பைக்தான் எல்லாம். தெற்கே ஒகாடா, எங்கள் பக்கம் அச்சாபா. ஹெல்மெட் விலை ஓட்டுகிறவனுக்குக் கட்டுப்படியாகாது. ஆகவே காய்ந்த சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டிக் கயிறு கட்டித் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான்கள். சிலர் வீட்டுப் பாத்திரத்தையே மாட்டினார்கள். பின்னால் ஏறுகிறவர்களுக்கு வேறு பயம். ஊரார் தலையெல்லாம் பட்ட ஹெல்மெட்டில் யாராவது செய்வினை வைத்திருந்தால்? நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

மைதுகுரியில் அது சிரிப்பாக முடியவில்லை. யூசுஃபின் ஆட்களில் அச்சாபா ஓட்டிப் பிழைத்தவர்கள் நிறைய. 2009 ஜூன் 11 அன்று அவர்கள் ஒரு ஜனாஸாவை எடுத்துக்கொண்டு பைக்குகளில் போனார்கள். 'ஆபரேஷன் ஃப்ளஷ்' என்று, மைதுகுரி இருக்கும் போர்னோ மாநிலத்தின் அரசு கொள்ளைக்காரர்களைப் பிடிக்க வைத்திருந்த ராணுவ-போலீஸ் கூட்டுப் படை அவர்களை மறித்தது. ஹெல்மெட் எங்கே என்று ஆரம்பித்து வாக்குவாதம், தள்ளுமுள்ளு, துப்பாக்கிச் சூடு. 17 பேருக்குக் குண்டுக் காயம். அடக்கம் செய்யப் போனவர்களைச் சுட்டார்கள் என்ற செய்தி எப்படிப் பரவியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். யூசுஃப் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தார், திரும்பி வந்து அரசுக்குப் பகிரங்கமாகச் சவால் விட்டார். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, விசாரணையும் இல்லை. ஆறு வாரம் கழித்து, ஜூலை 26 அன்று பௌச்சியில் போலீஸ் ஸ்டேஷனைத் தாக்கினார்கள்.

#8 கணக்குவாத்தியார்

ஹெல்மெட் கதை சுவையாக இருக்கிறது. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு 'பாவம், அமைதியாக இருந்த மனிதரைச் சீண்டிவிட்டார்கள்' என்று யாராவது முடிவு கட்டினால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழையபேப்பர் 2009இல் கதையை ஆரம்பிக்கிறார். ஏன்? 2003 டிசம்பரில் ஆரம்பித்தால் வேறு கதை வரும்.

யோபே மாநிலத்தில், நைஜர் எல்லை ஓரம், கனாமா என்று ஓர் ஊர். ஊழல் சமூகத்தை விட்டு ஹிஜ்ரத் போகிறோம் என்று ஏறத்தாழ 200 பேர் அங்கே போய்க் குடியேறினார்கள். யூசுஃபின் வட்டத்திலிருந்து பிரிந்தவர்கள். ஊர்க்காரர்கள் அவர்களைத் தலிபான் என்றே கூப்பிட்டார்கள். அந்த டிசம்பரில் போலீஸ் நிலையங்களைத் தாக்கினார்கள், ராணுவம் வந்து நசுக்கியது. யூசுஃப் அந்த நேரத்தில் சவூதியில். போர்னோ மாநிலத் துணை ஆளுநரிடம் 'நான் வன்முறைக்காரன் இல்லை' என்று சமாதானம் சொல்லித் திரும்பி வந்தார். கனாமாவில் தப்பியவர்களில் பலர் திரும்ப வந்து ஒண்டியது அவரிடம்தான். 'இப்போதைக்குப் பயான், ஜிஹாதுக்கு நேரம் வரும்' என்பதுதான் அவர் நிலை. நேரத்தில்தான் தகராறு, நோக்கத்தில் இல்லை.

வறுமைதான் காரணம் என்பவர்களுக்கும் ஒரு கேள்வி. எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நைஜர் இன்னும் ஏழை நாடு. அதே கனூரி மக்கள், அதே தரிசு, அதே வற்றிய சாட் ஏரி. அங்கே ஏன் இது முளைக்கவில்லை?

#9 பழையபேப்பர்

வாத்தியார், கனாமாவை விட்டது என் தவறு. வறுமையைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அதை எடுத்தது நீங்கள்.

நைஜரில் இல்லாமல் நைஜீரியாவில் இருந்தது என்ன என்றால் என் பதில் ஷரீஅத் தேர்தல். 1999இல் ராணுவ ஆட்சி முடிந்தது. அதே வருடம் ஜம்ஃபாரா மாநில ஆளுநர் ஷரீஅத் குற்றவியல் சட்டம் கொண்டுவருவேன் என்று அறிவித்தார். கூட்டம் அலைமோதியது. பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? வடக்கில் மொத்தம் 12 மாநிலங்கள் அதே வழியில் போயின. ஜனங்கள் எதிர்பார்த்தது நீதி. வந்தது மாட்டுத் திருடனுக்குக் கை வெட்டு. கருவூலத்தைத் திருடியவன் கை பத்திரமாக இருந்தது. 'இது ஷரீஅத் இல்லை, அரசியல்வாதியின் ஷரீஅத்' என்று ஒரு மௌலவி சொன்னால் எவ்வளவு பேர் தலையாட்டியிருப்பார்கள்!

யூசுஃபும் ஆரம்பத்தில் அந்த அரசியலுக்கு வெளியே இல்லை. 2003இல் போர்னோவில் அலி மோடு ஷெரீஃப் ஆளுநரானார். யூசுஃபின் நெருங்கிய சீடர் புஜி ஃபோய் என்பவருக்கு மதவிவகாரத் துறை கிடைத்தது. இளைஞர் ஓட்டுக்கும் ஷரீஅத் வாக்குறுதிக்கும் நடந்த பண்டமாற்று இது என்று ஊரில் பேச்சு. ஷெரீஃப் அதை எப்போதும் மறுத்தே வந்திருக்கிறார். எப்படியோ, உறவு முறிந்தது, ஃபோய் பதவியை விட்டார். 2009 ஜூலையில் அவரையும் பிடித்துச் சுட்டார்கள். விசாரணை நடந்திருந்தால் அவர் சாட்சிக் கூண்டில் என்னென்ன சொல்லியிருப்பாரோ. என் தலைப்புக் கேள்விக்குப் பாதி பதில் அங்கே கிடக்கிறது என்று எனக்கு ஒரு சந்தேகம்.

#10 அதிராம்பட்டினத்தான்

யூசுஃபை முதலில் எதிர்த்தது போலீஸும் இல்லை, மேற்கு நாடும் இல்லை. அவருடைய உஸ்தாதே எதிர்த்தார். இதை எழுதாமல் இந்தக் கதையைச் சொன்னால் எங்களைப் போன்றவர்களுக்கு வருத்தம்.

ஷேக் ஜஅஃபர் மஹ்மூத் ஆதம், கானோவின் பெரிய சலஃபி ஆலிம் (மார்க்க அறிஞர்), மதீனாவில் படித்தவர். மைதுகுரியில் ஒரு பெரும் பணக்காரர் கட்டிய இன்திமி பள்ளிவாசலில் ரமலானில் வந்து தஃப்ஸீர் (குர்ஆன் விளக்கம்) சொல்வார். யூசுஃப் அங்கே அவருடைய முன்னணி மாணவர். பிறகு அந்தப் பள்ளிவாசலிலிருந்து வெளியேற்றப்பட்டு, ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் மாமனார் பாபா ஃபுகு கொடுத்த இடத்தில் சொந்தப் பள்ளிவாசல் கட்டினார். இப்னு தைமிய்யா மர்கஸ் என்று பெயர். உஸ்தாதின் வாதம் எளிமையானது: முஸ்லிம்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அரசு வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்தால் உங்கள் பிள்ளைக்கு வைத்தியம் பார்ப்பது யார், உங்கள் ஊரில் போலீஸ் யார், நீதிபதி யார்? கேசட்டிலும் சிடியிலும் இரண்டு பக்கப் பயானும் சந்தையில் விற்றன. 2006இல் பௌச்சியில் ஈசா அலி பன்தாமி என்ற இளம் ஆலிம் யூசுஃபோடு நேருக்கு நேர் உட்கார்ந்து விவாதித்தார். அந்தப் பதிவு இன்றும் கிடைக்கிறது. அவர் பின்னாளில் நாட்டின் தகவல் தொடர்பு அமைச்சரே ஆனார். (2021இல் அவருடைய சொந்தப் பழைய பயான்களே அல்கொய்தாவுக்கு ஆதரவாக இருந்தன என்று சர்ச்சை கிளம்பி அவர் விளக்கம் சொல்ல வேண்டி வந்தது. அந்தக் கால மேடைகளின் சூடு அப்படி.)

2007 ஏப்ரலில், ஆளுநர் தேர்தலுக்கு முந்தைய நாள், கானோவில் சுபுஹுத் தொழுகை நடத்திக்கொண்டிருந்த ஷேக் ஜஅஃபரைப் பள்ளிவாசலுக்குள்ளேயே சுட்டுக் கொன்றார்கள். அரசியல் கொலை என்றும் யூசுஃபின் ஆட்கள் என்றும் இரண்டு பேச்சு உண்டு. யார் செய்திருந்தாலும், அதன் பிறகு யூசுஃபை அவருடைய மொழியிலேயே மடக்கக்கூடிய குரல் அடங்கிப்போனது.

இன்னொன்று. பழையபேப்பர் வரலாற்று ஆள், அவருக்கே இது தெரிந்திருக்கும். 1804இல் உஸ்மான் தன் ஃபோதியோ ஹௌஸா அரசர்களுக்கு எதிராக ஜிஹாத் தொடங்கினார். சில வருடத்தில் அந்தப் படை போர்னோ மீதும் பாய்ந்தது. போர்னோ அப்போதே ஏழெட்டு நூற்றாண்டாக முஸ்லிம் அரசு. அங்கே அல்-கானமி என்ற ஆலிம் எழுந்து வாளோடு பேனாவையும் எடுத்தார். ஃபோதியோவின் மகன், சொகோட்டோவின் முகமது பெல்லோவுக்குக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். எங்களிடம் லஞ்சம் இருக்கிறது, பெண்கள் தலையை மூடாமல் போகிறார்கள் என்கிறீர்கள். அதெல்லாம் பாவம், குஃப்ர் (இறைமறுப்பு) ஆகாது. எகிப்தில் இல்லாததா? பாவம் செய்தவனைக் காஃபிர் என்று சொல்லி வாளெடுக்க யார் அனுமதித்தது? இதுதான் அவர் கேள்வியின் சாரம். இருநூறு வருடம் கழித்து அதே மண்ணில் அதே கேள்வி. இந்த முறை அல்-கானமி இல்லை.

#11 கணக்குவாத்தியார்

பாய், இது அருமை. என் தரப்புக்கும் நீங்கள்தான் பலம் சேர்க்கிறீர்கள்: கொள்கை முதலில், குண்டு பிறகு.

பழையபேப்பருக்கு இன்னொரு இடைஞ்சல். தலைவரைக் கொன்றால் இயக்கம் வளரும் என்பது ஒன்றும் விதியில்லை. 1980 டிசம்பரில் கானோவில் மைதத்ஸினே கலவரம். முகமது மர்வா என்ற கேமரூன்காரர். ரேடியோ, கைக்கடிகாரம், சைக்கிள் எல்லாம் கூடாது என்றவர். 'மைதத்ஸினே' என்றால் சபிக்கிறவர். அரசு விசாரணைக் கணக்குப்படியே 4,177 பேர் செத்தார்கள். அவரும் செத்தார். மிச்சம் இருந்தவர்கள் 1982இல் மைதுகுரியின் புலும்குட்டு, பிறகு யோலா, கோம்பே என்று 1985 வரை கிளப்பினார்கள். அப்புறம் அணைந்துவிட்டது. யூசுஃப் கூட்டம் மட்டும் ஏன் அணையவில்லை?

#12 பழையபேப்பர்

நல்ல கேள்வி. இரவு முழுக்க இதைத்தான் யோசித்தேன்.

மர்வாவிடம் பக்தர்கள் இருந்தார்கள். யூசுஃபிடம் அமைப்பு இருந்தது. பள்ளிவாசல், மாநிலம் மாநிலமாகப் பொறுப்பாளர்கள், சாப்பாடு, கடனுதவி, கல்யாணம் செய்துவைப்பது, எல்லாம். அரசு செய்யாததை ஒரு முடுக்குத் தெருவில் அவர் செய்தார். கல்யாணம் சாதாரண விஷயமில்லை. பெண்ணுக்குத் தர வேண்டிய மஹர் கொடுக்க வழியில்லாமல் முப்பது வயது வரை நிற்கிற ஆண்பிள்ளைக்கு ஒரு ஜமாஅத் பெண் பார்த்துக் கொடுத்தால் அவன் அந்த ஜமாஅத்தை விடுவானா?

இரண்டாவது, 1980இல் செல்போன் கேமரா கிடையாது. 2009இல் யூசுஃபின் கடைசி நிமிடம் கையோடு கையாகப் போனது. 2010 பிப்ரவரியில் அல் ஜசீரா இன்னொரு வீடியோவை வெளியிட்டது. மைதுகுரித் தெருவில் நிராயுதபாணிகளைக் குப்புறப் படுக்கவைத்துச் சீருடைக்காரர்கள் சுடுவது. அந்த ஐந்து நாளில் செத்தவர்கள் எண்ணூறுக்கு மேல் என்பார்கள். மாமனார் பாபா ஃபுகு போலீஸ் கூப்பிட்டதும் தானாகவே போனார், அவரும் பிணமாகத்தான் வந்தார். குடும்பம் வழக்குப் போட்டது. 2010இல் நீதிமன்றம் 10 கோடி நைரா இழப்பீடு கொடுக்கச் சொன்னது. யூசுஃபைக் கொன்றதாக 2011இல் போலீஸ் அதிகாரிகள் மீது வழக்குப் போட்டார்கள், கடைசியில் விடுதலை.

மூன்றாவது, வெளிக்கை. 2010 தொடக்கத்தில் அல்கொய்தாவின் மக்ரிப் (வட ஆப்பிரிக்க) கிளைத் தலைவர் ஆயுதமும் பயிற்சியும் தருவதாகப் பகிரங்கமாக அறிவித்தார். மர்வாவுக்கு இதெல்லாம் கிடையாது.

ஆகவே என் முதல் பதிவைத் திருத்திக்கொள்கிறேன். கொலை மட்டும் காரணம் இல்லை. அமைப்பைத் தொடாமல் தலையை மட்டும் வெட்டினார்கள், அதுவும் ஊரே பார்க்க, சட்டத்தைக் காலில் போட்டு. அந்த இடத்தில் யார் வந்து உட்கார்ந்தார் என்பதுதான் பெரிய கேடு.

#13 மின்னல்வேகம்

ஷெகாவ்!

#14 பழையபேப்பர்

ஆமாம், அபூபக்கர் ஷெகாவ். யோபேவில் ஷெகாவ் என்ற கிராமத்துக்காரர், யூசுஃபின் துணை. 2009 சண்டையில் செத்துவிட்டார் என்று போலீஸ் அறிவித்தது. 2010 ஜூலையில் வீடியோவில் வந்து நான்தான் இனித் தலைவர் என்றார். அதற்குப் பிறகும் அவரை எத்தனை முறை கொன்றார்கள் என்று ராணுவத்துக்கே கணக்கு இருக்காது. அந்தச் செப்டம்பரில் பௌச்சிச் சிறையை உடைத்து 700க்கு மேற்பட்டவர்களை வெளியே கொண்டுவந்தார்கள். 2011 ஆகஸ்ட் 26 அன்று அபுஜாவில் ஐநா கட்டடத்தில் கார் குண்டு.

அதே 2011 செப்டம்பரில் நடந்த ஒன்று இதைவிட முக்கியம் என்று எனக்குத் தோன்றும். முன்னாள் அதிபர் ஒபசாஞ்சோ மைதுகுரிக்குப் போய் யூசுஃபின் மைத்துனர் பாபாகுரா ஃபுகுவைச் சந்தித்துப் பேசினார். சமாதானத்துக்கு வழி இருக்கிறதா என்று பார்க்க. இரண்டு நாளில் பாபாகுராவைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். பேச வந்தவர்களுக்கு அதற்கு மேல் என்ன சேதி வேண்டும்?

#15 கானோ ரிட்டர்ன்

2012 ஜனவரி 20, வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து சாயங்காலம். நாங்கள் கம்பெனி குடியிருப்பில் டீ போட்டுக்கொண்டிருந்தோம். முதல் சத்தம் கேட்டதும் எங்கள் ஜெனரேட்டர்தான் வெடித்துவிட்டது என்று எலெக்ட்ரீஷியன் ஓடினார். அங்கே கரண்ட் இருக்கும் நேரத்தைவிட ஜெனரேட்டர் ஓடும் நேரம்தான் அதிகம். இரண்டாவது, மூன்றாவது சத்தம் வேறு வேறு திசையிலிருந்து வந்ததும் அவரே கதவைச் சாத்திக்கொண்டார். போலீஸ் தலைமையகங்கள், ஸ்டேஷன்கள், பாஸ்போர்ட் ஆபீஸ், ஒன்றன்பின் ஒன்றாக. அன்று செத்தவர்கள் 180க்கு மேல். இருபத்துநாலு மணி நேர ஊரடங்கு. மூன்று நாள் அரிசியும் டின் மீனும்.

ஷெகாவ் பிறகு ஒரு வீடியோவில், கோழியையும் ஆட்டையும் அறுப்பது போல மனிதரைக் கொல்வதிலும் எனக்கு மகிழ்ச்சி என்ற பொருளில் பேசினார். எங்கள் ஷிப்ட் பையன் ஒருவன் அதைப் போனில் காட்டினான். காட்டும்போதே அவன் கை நடுங்கியது. செத்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள், அவனுடைய ஊர்க்காரர்கள். அந்த வருடம் நான் ராஜினாமா செய்துவிட்டு வந்துவிட்டேன். அவனுக்கு எங்கே வருவது?

#16 செந்தாழை

இவ்வளவு நேரம் ஆண்கள் கதையாகவே ஓடுகிறது. 2014 ஏப்ரல் 14, சிபோக், 276 மாணவிகளைக் கடத்தினார்கள் என்பது உலகத்துக்கே தெரியும். 57 பேர் அப்போதே தப்பினார்கள். ஆனால் பெண்களைப் பிடிப்பது அங்கே ஆரம்பிக்கவில்லை. 2012இல் பாதுகாப்புப் படையினர் இந்த இயக்கத்தவரின் மனைவி, பிள்ளைகளைப் பிடித்துக் காவலில் வைக்க ஆரம்பித்தார்கள். ஷெகாவின் குடும்பமும் அதில். எங்கள் பெண்களை நீ பிடித்தாய், உன் பெண்களை நான் பிடிக்கிறேன் என்று அவர் வெளிப்படையாகவே மிரட்டினார். 2013இல் அதைச் செய்யவும் தொடங்கினார்கள். இரண்டு தரப்புக்கும் பெண் என்றால் பிணைப்பொருள்.

அடுத்தது இன்னும் கொடுமை. 2014 நடுவிலிருந்து சின்னப் பெண்கள் உடம்பில் குண்டைக் கட்டிச் சந்தைக்கு அனுப்பினார்கள். பர்தா போட்ட பெண்ணைச் சோதிக்க யோசிப்பார்கள் என்பது கணக்கு. விளைவு? சந்தையில் தனியாக நடந்து வரும் எந்தப் பெண்பிள்ளையைப் பார்த்தாலும் ஜனங்கள் விலகி ஓடினார்கள். தப்பி ஊர் திரும்பிய பெண்களை 'போகோ ஹராம் பெண்டாட்டி' என்று சொந்த ஊரே ஒதுக்கியது. சிபோக் பெண்களில் எண்பதுக்கு மேற்பட்டவர்கள் இன்னும் வீடு திரும்பவில்லை. யூசுஃபைச் சுட்டது சரியா தப்பா என்று நாம் இங்கே தீர்ப்பு எழுதிக்கொண்டிருக்கலாம், அவர்களுக்கு அது எந்த விதத்தில் உதவும் என்று தெரியவில்லை.

#17 அதிராம்பட்டினத்தான்

செந்தாழை, சொன்னது உறைத்தது.

ஷெகாவின் கொள்கையைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் அவருடைய முடிவும் அதில்தான் இருக்கிறது. அரசோடு ஒத்துப்போகிற, ஓட்டுப் போடுகிற, அந்த ஊரில் சும்மா குடியிருக்கிற முஸ்லிமும் அவருக்குக் காஃபிர். எங்களிடம் இதற்குப் பழைய பெயர் கவாரிஜ். அலீ (ரலி) அவர்களையே காஃபிர் என்று சொல்லிக் கொன்ற கூட்டம். 2014 நவம்பரில் கானோவின் அமீர் சனூசி, மக்களே தற்காப்புக்கு ஆயுதம் எடுங்கள் என்றார். மத்திய வங்கி ஆளுநராக இருந்தவர் அவர். அதே மாதம் கானோ பெரிய பள்ளிவாசலில் ஜும்ஆ நேரத்தில் குண்டு வைத்து நூறு பேருக்கு மேல் கொன்றார்கள்.

இந்தப் போக்கு கூட்டாளிகளுக்கே பொறுக்கவில்லை. 2012லேயே அன்சாரு என்று ஒரு கிளை பிரிந்தது. 2015 மார்ச்சில் ஷெகாவ் ஐஎஸ்ஸுக்கு (இஸ்லாமிய அரசு இயக்கத்துக்கு) பைஅத், அதாவது விசுவாசப் பிரமாணம், செய்தார். 2016 ஆகஸ்டில் ஐஎஸ் அவரை ஓரங்கட்டி அபூ முஸ்அப் அல்-பர்னாவியைத் தலைவராக அறிவித்தது. அவர் யார் தெரியுமா? யூசுஃபின் மகன். ஷெகாவ் சம்பிசாக் காட்டில் தன் ஆட்களோடு தனியாக நின்றார். 2021 மே மாதம் மகன் தரப்பு ஆட்கள் அவரைச் சுற்றி வளைத்தபோது உடலில் கட்டியிருந்த குண்டை வெடித்துச் செத்தார்.

#18 கணக்குவாத்தியார்

அந்த மகன் தரப்பின் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். சாட் ஏரிக் கரையில் கருவாட்டுக்கு வரி, மிளகாய்க்கு வரி, மாட்டுக்கு வரி. கட்டினால் வியாபாரம் செய்யலாம். அரசு என்ன செய்தது? அவர்கள் வருமானத்தை நிறுத்துகிறேன் என்று மீன் வியாபாரத்துக்கே தடை போட்டது. மீனவன் இரண்டு பக்கமும் செத்தான். 2020 முடிய வடகிழக்கில் நேரடியாகச் செத்தவர்கள் சுமார் 35,000. பசி, நோய் எல்லாம் சேர்த்தால் 3,50,000 வரை என்பது ஐநா வளர்ச்சித் திட்டத்தின் மதிப்பீடு. பத்தில் ஒன்றுதான் துப்பாக்கியின் கணக்கு.

பழையபேப்பர், உங்கள் திருத்திய வாதத்தை முக்கால்வாசி ஏற்கிறேன். விசாரணை நடந்திருந்தாலும் கனாமாக்காரர்கள் சும்மா இருந்திருக்க மாட்டார்கள், அந்தக் கால்வாசியை விட மாட்டேன்.

#19 பழையபேப்பர்

கால்வாசி உங்களுக்கே. எனக்கு ஆட்சேபம் இல்லை.

#20 மின்னல்வேகம்

கானோ அண்ணே, கடைசியாக ஒரு சந்தேகம். அந்த ஹெல்மெட் சட்டம் என்ன ஆச்சு?

#21 கானோ ரிட்டர்ன்

ஹெல்மெட் போடத் தலை இருந்தது, பைக்கே போய்விட்டது தம்பி. பைக்கில் வந்து சுட்டுவிட்டுச் சந்தில் மறைவதுதான் அவர்கள் பாணி என்பதால் 2011இல் மைதுகுரியில் பைக்கையே தடை செய்தார்கள். 2013இல் கானோவிலும் அச்சாபாவுக்குத் தடை. ஓட்டிக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கான பேர் என்ன செய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது அங்கே மூன்று சக்கர ஆட்டோதான். கானோவில் அதற்குப் பெயர் 'அதைதைத்தா சாஹு'. தொழுகைக்கு நிற்கும்போது வரிசையை நேராக்குங்கள் என்பார்களே, அந்த அர்த்தம். ஷரீஅத் காலத்தில் பெண்களுக்குத் தனி வண்டி என்று மாநில அரசு இறக்கியபோது வைத்த பெயர். ஷிப்ட் பையன் ஒருவனைச் சொன்னேனே, அவன் இப்போது அதுதான் ஓட்டுகிறான். போன மாதம் வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினான். மஞ்சள் கலர், புது டிவிஎஸ், நம்ம ஓசூர் சரக்கு. முன் கண்ணாடியில் நம்மூர் ஆட்டோக்காரர்கள் மாதிரியே என்னமோ எழுதியிருந்தான். என்னடா அது என்று கேட்டேன். அவன் மகள் பெயராம், ரோமன் எழுத்தில்.